பிரோசெக்கோ: முதல் பாட்டிலைச் சிந்தாமல் திறப்பது எப்படி?

நான் முதன்முதலில் திறந்த பிரோசெக்கோ ஒயினில் பாதியைக் குடித்தது மேஜை விரிப்புதான். சரியாகக் குளிரவைக்கவில்லை, கார்க்கைப் பிடிக்கவும் இல்லை. உங்களுக்கு அது நேர வேண்டாம்.

1. லேபிளைப் படியுங்கள்

வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ, ஃப்ரியூலி பகுதிகளில் தயாராகும் நுரைக்கும் வெள்ளை ஒயின் இது. குறைந்தது 85 சதவீதம் கிளேரா திராட்சை இருக்க வேண்டும். (2009 வரை அந்தத் திராட்சைக்கும் பிரோசெக்கோ என்றுதான் பெயர். பிறகு அந்தப் பெயர் ஒயின் தயாராகும் பகுதிக்குப் போய்விட்டது, திராட்சை கிளேரா ஆகிவிட்டது.)

புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது இனிப்பில்தான். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் துளியும் இனிப்பிருக்காது என்றுதானே நினைப்போம்? இங்கே கணக்கு வேறு. லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் 'ப்ரூட்', 12 முதல் 17 வரை 'எக்ஸ்ட்ரா ட்ரை', 17 முதல் 32 வரை 'ட்ரை'. இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் ப்ரூட் எடுங்கள். காரசாரமாக ஏதாவது கொறிக்கப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்ட்ரா ட்ரை தோதாக இருக்கும்.

ஷாம்பெயின் போல பாட்டிலுக்குள் இல்லாமல், பெரிய எஃகுத் தொட்டியில்தான் நுரை வருவதற்காக இதை இரண்டாம் முறை நொதிக்க வைக்கிறார்கள். பச்சை ஆப்பிள், பேரிக்காய் வாசனை அப்படியே நிற்பது அதனால்தான். வாங்கினால் சீக்கிரம் குடித்துவிடுங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் வைத்தால் அந்த வாசனைதான் முதலில் போகும்.

2. குளிரவையுங்கள்

6 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் போதும். அவசரமா? வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு அரை மணி நேரம் வையுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலோடு ஒட்டாது, தண்ணீர் கட்டாயம். ஒயின் சூடாக இருந்தால் கரைந்திருக்கும் வாயு திறந்ததும் சீறிக்கொண்டு வரும்.

3. திறங்கள்

மேல்தாளை உரித்து, கம்பி வளையத்தை ஆறு அரைச்சுற்று திருகித் தளர்த்துங்கள். இந்த நிமிடத்திலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு நகரக் கூடாது. கம்பியைக் கழற்ற வேண்டாம். அதன் மேலேயே ஒரு துணியைப் போட்டு இறுகப் பிடியுங்கள். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகமும் எதிரே இல்லையா என்று பாருங்கள். அப்புறம் கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருகுங்கள். கார்க் மேலே முட்டும். நீங்கள் கீழே அழுத்திக்கொண்டே மெல்ல விடுங்கள். 'டமார்' சத்தம் சினிமாவுக்குச் சரி. நமக்கு வேண்டியது 'புஸ்' மட்டும்.

4. ஊற்றுங்கள்

நடுவில் சற்று அகன்ற தண்டுக் கிளாஸ் நல்லது. சோப்பு மிச்சமிருந்தால் நுரை நிற்காது, நன்றாக அலசுங்கள். கிளாஸைச் சாய்த்து இரண்டு விரல் உயரம் ஊற்றி, நுரை அடங்கியதும் பாதிக்கு மேல் நிரப்புங்கள்.

மிச்சமிருந்தால், நுரை ஒயினுக்கென்று விற்கும் மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். பாட்டில் வாயில் ஸ்பூனைச் சொருகினால் வாயு தங்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை.