காரைக்குடியிலிருந்து கிளம்பும் சரக்கு: பல்முகவர் அமைப்பை முதன்முறையாக உருவாக்குவோருக்கு ஒரு செய்முறை

செட்டிநாட்டில் ‘ஏஜெண்டு’ என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. இரங்கூனிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், ஊரில் இருந்த முதலாளியின் சார்பில் மூன்றாண்டுக் கணக்கில் ஓர் ஏஜெண்டைக் கடல் கடந்து அனுப்பினார்கள். அவர் அங்குள்ள நிலவரத்தைத் தாமே கண்டு, தமக்குத் தரப்பட்ட அதிகாரத்தின் எல்லைக்குள் தாமே முடிவெடுத்து, கணக்கையும் கடிதத்தையும் ஊருக்கு அனுப்பிவந்தார். ஒவ்வொரு கடனுக்கும் ஊரிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்தால் தொழில் நடந்திராது. கணினியியலில் முகவர் எனப்படும் நிரலுக்கும் இதுவே இலக்கணம்: அது தன் அருகில் இருப்பதை மட்டும் அறியும், தனக்கென ஒரு நோக்கம் கொண்டிருக்கும், பிறரோடு செய்தி வழியாக மட்டுமே பேசும். அத்தகைய முகவர்கள் பலர் சேர்ந்து ஒரு வேலையை முடிப்பதே பல்முகவர் அமைப்பு.

தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா வண்டிகளும் ஒரே உரிமையாளருடையவையாக, எல்லாத் தகவலும் ஒரே மேசையில் கிடைப்பதாக இருந்தால், முகவர்கள் உங்களுக்குத் தேவையில்லை. 1959இல் டான்சிக், ராம்சர் இருவரும் லாரி அனுப்பும் கணக்காக வகுத்த வண்டிப்பாதைக் கணக்கை, அதாவது எந்த வண்டி எந்த வழியில் போனால் நல்லது என்ற கணக்கை, தீர்க்கும் மென்பொருள் ஒன்றே போதும். ஆனால் நம் பகுதியின் நிலைமை வேறு. ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் வார்க்கும் பட்டறை ஒருவருடையது, புதுவயலில் அரிசி ஆலை மற்றொருவருடையது, லாரி மூன்றாமவருடையது. எவரும் தம் வாடகைக் கணக்கை அடுத்தவருக்குக் காட்ட விரும்புவதில்லை, காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. இப்படி உரிமை சிதறிக் கிடக்கும் இடத்தில்தான் இந்த முறைக்கு உண்மையான பயன் இருக்கிறது.

முதற்படி, தாளில் முகவர்களை எழுதுவது. சரக்குக்கு ஒரு முகவர், வண்டிக்கு ஒரு முகவர் என்று இரண்டு வகைகளோடு தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அது என்ன அறியும், எதை விரும்பும், எதைச் செய்ய அதிகாரம் உண்டு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சரக்கு முகவர் எடை, சேருமிடம், கெடு ஆகியவற்றை அறியும். குறைந்த வாடகையில், கெடுவுக்குள், உடையாமல் போய்ச் சேர விரும்பும். வண்டி முகவர் தன் பாதையையும் மீதி இடத்தையும் அறியும். காலியாக ஓடாமல் சம்பாதிக்க விரும்பும்.

இரண்டாம் படி, பேச்சுமுறை. இதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1980இல் ரீட் ஸ்மித் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறை இதற்கென்றே உள்ளது: சரக்கு முகவர் தேவையை அறிவிக்கும், வண்டிகள் விலை சொல்லும் அல்லது மறுக்கும், விலை சொல்லும் கெடு முடிந்ததும் சரக்கு முகவர் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றுக்கு ‘இல்லை’ என்று தெரிவிக்கும். லாரி ஆபீசில் நாள்தோறும் நடக்கும் வாடகைப் பேச்சு இதுவேதான். நிரலில் விதிகள் எழுத்தில் இருக்கின்றன என்பது மட்டும் வேறுபாடு.

மூன்றாம் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அமைப்பின் தரம் இங்கேதான் முடிவாகிறது. வண்டி முகவர் சொல்லும் விலை முழுப் பயணத்தின் செலவாக இருக்கக் கூடாது. இந்தச் சரக்கை ஏற்றால் ஆகும் செலவிலிருந்து ஏற்காவிட்டால் ஆகும் செலவைக் கழித்தால் வரும் கூடுதல் செலவாக மட்டும் இருக்க வேண்டும். காரைக்குடிக் கிட்டங்கியில் 600 கிலோ ஆத்தங்குடிக் கல் இருக்கிறது, நாளை நண்பகலுக்குள் புதுக்கோட்டை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் வைத்தவை. முதல் வண்டி, ஒரு டன் இடத்தோடு திருச்சிக்குப் போகும் லாரி. புதுக்கோட்டை அதன் வழியிலேயே இருப்பதால் ஊருக்குள் சென்று திரும்பும் 4 கிலோமீட்டர் மட்டுமே கூடுதல். கிலோமீட்டருக்கு 20 ரூபாய், இறக்குகூலி 200 ரூபாய் என்றால் அதன் விலை 280 ரூபாய். இரண்டாவது, ஊரில் சும்மா நிற்கும் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டி. போக வர 80 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 15 ரூபாய், இறக்குகூலியோடு 1,400 ரூபாய். மூன்றாவது, தேவகோட்டையில் பாரம் இறக்கிவிட்டுப் புதுக்கோட்டைக்குக் காலியாகத் திரும்பும் மினி லாரி. கிட்டங்கிக்கு வந்துபோக 10 கிலோமீட்டர் கூடுதல், முதல் லாரியின் அதே விகிதத்தில் இறக்குகூலியோடு 400 ரூபாய். ரிட்டர்ன் லோடு ஏன் மலிவு என்பதை ஓட்டுநர்கள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். உங்கள் நிரல் இந்தக் கழித்தல் கணக்கால் அறியும்.

வண்டிகள் விலையை ஏற்றிச் சொன்னால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். 1961இல் வில்லியம் விக்ரி ஆராய்ந்த ஏலமுறை இங்கு உதவும்: மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை, ஆனால் அவருக்குக் கிடைக்கும் தொகை இரண்டாவது குறைந்த விலை. நம் எடுத்துக்காட்டில் திருச்சி லாரி வென்று 400 ரூபாய் பெறும். தனித்தனி ஏலமாக நடக்கும்வரை, பொய் விலை சொல்வதால் அதற்கு ஆதாயம் எதுவும் இல்லை.

நான்காம் படி, வாக்குறுதியைக் காப்பது. தொடக்கநிலையினர் அதிகமாகத் தவறுவது இங்கேதான். ஒரே நேரத்தில் இரண்டு அறிவிப்புகள் வரும், வண்டி முகவர் இரண்டுக்கும் விலை சொல்லும், இரண்டும் கிடைத்துவிடும், இடமோ ஒன்றுக்குத்தான் இருக்கும். எனவே விலை சொன்ன உடனே அந்த இடத்தைத் தற்காலிகமாகப் பூட்டி வையுங்கள். அந்த ஏலத்தின் கெடு கடந்தால் பூட்டு தானாகத் திறக்கட்டும்.

ஐந்தாம் படி, மாற்றிக்கொள்ளும் சுற்று. கல்லைத் திருச்சி லாரிக்குக் கொடுத்தாயிற்று. சற்றுப் பிறகு புதுவயல் ஆலையிலிருந்து திருச்சிக்கு ஒரு டன் அரிசி வருகிறது. லாரியில் மீதி 400 கிலோ இடமே உள்ளது. மினி லாரி திருச்சிக்குப் போகாது. குட்டியானைக்கு ஒரு டன் தாங்காது. வந்த வரிசையில் கொடுத்துக்கொண்டே போனால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். ஆகவே பாரம் ஏற்றுவதற்கு முன், வண்டிகள் தங்களுக்குள் சரக்கை விற்கவும் வாங்கவும் ஒரு சுற்று வையுங்கள். லாரி கல்லை மினி லாரிக்குக் கைமாற்றினால் கல்லின் செலவு 280இலிருந்து 400 ஆகிறது. அந்த 120 ரூபாயை ஏற்றுக்கொண்டு அரிசியை எடுப்பது லாரிக்கு ஆதாயம், புதிதாக ஒரு வண்டி கிளம்பவும் வேண்டாம். ஜெர்மன் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தில் 1990களில் உருவான மார்ஸ் என்னும் சரக்குப் போக்குவரத்து அமைப்பும் இத்தகைய கைமாற்றத்தைக் கையாண்டது.

ஆறாம் படி, இடையூறு. மினி லாரி திருமயத்தில் அச்சு முறிந்து நின்றால், வண்டி முகவர் ‘இயலாது’ என்று அறிவிக்க, சரக்கு முகவர் மறுபடி ஏலம் விட வேண்டும். புறப்படுமிடம் இப்போது கிட்டங்கி அல்ல, திருமயம் என்பதை மறந்துவிடாதீர்கள். கல்லை ஒருமுறை கூடுதலாக ஏற்றி இறக்கினால் ஓரம் உடையும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த இழப்பையும் சரக்கு முகவரின் கணக்கில் சேருங்கள். ஒவ்வொரு கல்லாகக் கண்ணாடித் தட்டில் வார்த்தவரின் உழைப்பு அது.

போக்குவரத்து ஓடிய பிறகே விநியோகச் சங்கிலிக்குச் செல்லுங்கள். பட்டறைக்கு, சிமெண்டு வியாபாரிக்கு, நிறப்பொடி தருபவருக்கு என்று முகவர்களைச் சேர்க்கும்போது, ஒவ்வொருவரும் முன்னவர் அனுப்பிய ஆர்டரை மட்டும் பார்த்துக் கணித்தால், வீடு கட்டுவோரிடம் எழுந்த சிறு ஏற்றம் மேலே போகப் போகப் பெருகும். லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் 1997இல் விளக்கிய சாட்டை விளைவு இதுதான். கடைசி வாடிக்கையாளரின் உண்மையான தேவையை எல்லா முகவர்களுக்கும் தெரியும்படி செய்தாலே இந்த ஆட்டம் பெருமளவு தணியும்.

கருவியைப் பொறுத்தவரை, முதல் முயற்சிக்குச் சாதாரணப் பைத்தான் நிரலும், முகவர்களின் செய்திகளை வரிசையாக வைத்துக் கொடுக்கும் ஒரு செய்தி வரிசையும் போதும். பின்னர் உருவகப்படுத்தலுக்கு மேசா, உண்மையான செய்திப் பரிமாற்றத்துக்கு ஸ்பேடு, ஜாவா அறிந்தவர்களுக்கு ஜேட் என்று ஆயத்த மென்பொருள் தொகுப்புகள் உள்ளன.

கடைசிப் படி சோதனை. மொத்தக் கிலோமீட்டர், காலியாக ஓடிய கிலோமீட்டர், கெடு தவறிய சரக்கு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே ஆர்டர்களைத் தொடக்கத்தில் சொன்ன வண்டிப்பாதை மென்பொருளுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். அது எல்லாவற்றையும் அறிந்து கணிப்பதால் உங்கள் அமைப்பு சற்றுப் பின்தங்குவது இயல்பு. பிறகு ஆர்டர்கள் வரும் வரிசையைக் கலைத்து இருபது முறை ஓட்டுங்கள். விடைகள் ஓட்டத்துக்கு ஓட்டம் பெரிதாக மாறினால், ஐந்தாம் படியின் கைமாற்றச் சுற்று போதவில்லை. அதற்கு இன்னொரு சுற்று சேர்த்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.