வித்தியாசத்தை எழுதித் தீர்க்காதீர்கள்: கணக்கியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் நான் பணிபுரியும் அலுவலகத்திற்குப் பட்டயக் கணக்காளர் பயிற்சிக்காக ஆண்டுதோறும் சில மாணவர்கள் வருகிறார்கள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு; காலை ஏழு மணிக் கல்லூரி வகுப்பை முடித்துவிட்டு, லோக்கல் ரயிலில் நின்றபடியே பாடம் புரட்டிக்கொண்டு வருபவர்கள். உழைப்பில் அவர்களிடம் குறையே இல்லை. ஆயினும், நான் பயிற்சியில் இருந்தபோது செய்த அதே தவறைப் போன மாதம் ஒரு மாணவி என் கண்ணெதிரே செய்ததைப் பார்த்ததும், இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கூட்டல் பிழை, தேதிப் பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வித்தியாசத் தொகைக்கு ஒரு பெயர் சூட்டி முடிப்பது

2018-ஆம் ஆண்டு, மொத்தப் பாத்திர வியாபாரி ஒருவரின் வங்கிச் சரிகட்டும் பட்டியலை, அதாவது ரொக்க ஏடும் வங்கி அறிக்கையும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் பட்டியலை, தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. ரொக்க ஏட்டின் வங்கி இருப்பு, வங்கி அறிக்கையின் இருப்பைவிட 177 ரூபாய் கூடுதலாக இருந்தது. கட்டணம் 150 ரூபாய், அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 27 ரூபாய், ஆக 177 என்று பொருந்தி வந்ததும், வங்கிக் கட்டணம் என்று பற்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டேன். அறிக்கையை வரிவரியாக டிக் அடித்துப் பார்க்கவில்லை.

அந்த 177 ரூபாய் உண்மையிலேயே வங்கிக் கட்டணம்தான். எதற்கான கட்டணம் என்று நான் கேட்காததுதான் தவறு. ஒரு கடைக்காரர் கொடுத்திருந்த 62,000 ரூபாய்க் காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்று திரும்பியிருந்தது. அதற்காக வங்கி பிடித்த தொகை அது. அதே மாதம், அதே அளவு சரக்கு எடுத்த இன்னொரு கடைக்காரர் 62,000 ரூபாயை நெஃப்ட் மூலம் நேரடியாகச் செலுத்தியிருந்தார். காசோலை திரும்பியதும், நெஃப்ட் பணம் வந்ததும் இரண்டுமே ஏட்டில் ஏறாததால், ஒன்று மற்றொன்றை முழுவதுமாக மறைத்துவிட்டது.

நான்காவது மாதம், பணம் கட்டிய கடைக்காரர் தம் பாஸ்புக்கை எடுத்துவந்து மேசைமேல் விரித்து, கட்டிய பணத்திற்கு இரண்டு முறை நினைவூட்டல் அனுப்புவீர்களா என்று கேட்டபோதுதான் எல்லாம் வெளிப்பட்டது. வங்கியின் காசோலைத் திருப்பச் சீட்டு, கோப்பில் வேறொரு தாளின் பின்னால் குண்டூசி குத்தியபடியே இருந்தது. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அதைக் கொடுத்தவருக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்தக் கெடுவும் கடந்திருந்தது. மீண்டும் வங்கியில் போடலாம் என்றால், காசோலையின் 3 மாதச் செல்லுபடிக் காலமும் முடிந்திருந்தது. பணத்தை மீட்க உரிமையியல் வழக்கு ஒன்றே மிஞ்சியது. அந்த வியாபாரியின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வித்தியாசம் சிறியது என்பதால் தவறும் சிறியதாக இருக்க வேண்டியதில்லை. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பதும் (1,820-ஐ 1,280 என்று எழுதினால் 540 வரும்), அதன் பாதித் தொகை ஏட்டில் கிடைத்தால் பக்கம் மாறிப் பதிந்திருக்கலாம் என்பதும் நல்ல தடயங்களே. எனினும் அவை வரிவரியாக ஒப்பிடும் வேலைக்கு மாற்றாகா. முதலில் வங்கி அறிக்கையின் பற்றுப் பக்கத்தில் காசோலைத் திருப்பம் ஏதும் உண்டா என்று பாருங்கள். கண்டுபிடிக்க முடியாத தொகையைக் கண்டுபிடிக்க முடியாதது என்றே பட்டியலில் காட்டி, மேலதிகாரியிடம் சொல்லுங்கள். போன மாதம் அந்த மாணவி 36 ரூபாயை, காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளியிருந்தார். உட்கார வைத்து டிக் அடிக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று பிழைகள் கிடைத்தன.

வங்கியின் வரவும் நம் வரவும்

வங்கி அறிக்கை என்பது வங்கியின் பேரேட்டில் உள்ள நம் கணக்கு. நாம் பற்று வைக்கும் வைப்புத்தொகை அங்கே வரவாகவே தெரியும்.

டேலி சமன் காட்டுகிறது என்பதால் நம்புவது

டேலி என்னும் கணக்கு மென்பொருளில், தவறான தலைப்பில் இட்ட பதிவும் சமனாகவே இருக்கும்.

நாற்பது போதும் என்று படிப்பது

பட்டயக் கணக்காளர் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடு எடுத்தால் மட்டும் போதாது; மூன்று தாள்கள் சேர்ந்த குரூப்பின் மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். மூன்று தாள்களிலும் நாற்பது நாற்பதாக எடுத்தவருக்கு 300-க்கு 120-தான் வரும், தேவையோ 150. ஆகவே, கடினமான தாளை ஒதுக்காமல், நன்றாக வரும் தாளில் 60-ஓ அதற்குமேலோ எடுக்கப் பாருங்கள்; குரூப் தவறினாலும் அந்தத் தாளை மீண்டும் எழுதுவதிலிருந்து விலக்கு கிடைக்கும்.

தேய்மானத்தை ஒரே அட்டவணையில் போடுவது

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொத்தின் பயன்பாட்டுக் காலத்தைப் பார்க்கிறது. வருமான வரிச் சட்டமோ ஒரே வகைச் சொத்துகளின் தொகுப்பின்மீது விழுக்காடு போடுகிறது, வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சொத்துக்குப் பாதி விகிதமே தருகிறது. இரண்டு அட்டவணைகளைத் தனித்தனியே போடுங்கள்.

விடுப்பைக் கேட்டுப் பயிற்சி அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பது

பட்டயக் கணக்காளர் படிப்பின் புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்துவிட்டது. நேர்காணலில் தேர்வுக்கு எத்தனை மாத விடுப்பு என்று கேட்பதற்கு முன், முதல் மாதமே வவுச்சர்களையும் வங்கிக் கோப்புகளையும் என் கையில் கொடுப்பீர்களா என்று கேளுங்கள்.