அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? வீட்டில் செய்யும் வேலையையும் எழுதுங்கள்

நம் ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் உங்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு ஒரு கட்-ஆஃப் வரும். அதை வைத்துத் தரவரிசை. அமெரிக்காவில் இளங்கலைக்கு விண்ணப்பிக்கும்போது முறையே வேறு. அங்கே அட்மிஷன் அலுவலகத்தில் ஒருவர் உங்கள் ஃபைலைத் திறந்து படிப்பார். மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர்களே, இருக்கிற இடங்களைப்போலப் பல மடங்கு வருவார்கள். அதனால் இந்தப் பிள்ளை யார், எந்தச் சூழ்நிலையில் படித்தது, கிடைத்ததை வைத்து என்ன செய்தது என்று தேடுவார்.

சில வருடங்களாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பங்களில் உதவி வருகிறேன். ஸ்டேட் போர்டில் படித்து வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: உண்மையில் செய்வதை மறைத்துவிட்டு, யாரோ ஒரு நகரத்துப் பணக்காரப் பிள்ளை எழுதியதுபோல் எழுதுகிறார்கள். அது மாற வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதல் படி: வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்

கல்லூரிப் பட்டியல் போடும் முன்பே இதைச் செய்யுங்கள். வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று அப்பா அம்மாவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற ஒருசில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலேயே இடம் தருவதா என்று முடிவு செய்கின்றன. இடம் கிடைத்துவிட்டால் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைக் கல்லூரியே ஏற்கும். மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் உதவி கேட்பது இடம் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். அதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். முதல் வருடம் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது பல கல்லூரிகளில் நடக்காது.

காசு வாங்கிக்கொண்டு "சீட் உறுதி" என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். அமெரிக்க அரசின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை மையம் சென்னையிலேயே இருக்கிறது.

இரண்டாம் படி: பெயரும் பழைய மதிப்பெண்களும்

காமன் ஆப் என்ற ஒரே இணையதளம் வழியாக 1,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கணக்கில் அதிகபட்சம் 20 கல்லூரிகள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று புதிய விண்ணப்பம் திறக்கும். கணக்குத் தொடங்கியதும் கேட்பது உங்கள் பெயர். இனிஷியல் வைத்திருக்கும் நமக்கு இங்கேயே சிக்கல். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து ஒரு பெயர் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் கொடுங்கள், எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுக்கான தேர்வு), டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) ஆகியவற்றுக்கும் அதே பெயர்தான்.

அடுத்து, 9-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை மதிப்பெண் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்போம். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூன் மாதமே பள்ளி அலுவலகத்தில் கேட்டு, முத்திரையும் கையெழுத்தும் வைத்த நகல் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: செயல்பாடுகள் பட்டியல்

படிப்புக்கு வெளியே நீங்கள் செய்யும் 10 விஷயங்களை எழுத இடம் உண்டு. பத்தையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள்.

சத்தியமங்கலம் பக்கம் இருந்து ஒரு மாணவி தன் பட்டியலைக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சிச் சான்றிதழ், சின்ன வயதில் படித்த அபாகஸ், ஒரு நாள் மரக்கன்று நட்டது என்று எட்டு வரி. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டேன். "நாலு மணிக்குங்க. பூ எடுக்கப் போகணுமில்லீங்க" என்றாள். வீட்டில் மல்லிகைத் தோட்டம். மொட்டு விரிவதற்குள், வெயில் ஏறுவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பறிக்க வருகிறவர்களுக்குக் கூலி கிலோ கணக்கில். தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுவது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இவள் வேலை. பட்டியலில் அது இல்லை. "அது வீட்டு வேலைங்களே, அதைப் போய் எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

எழுதுவார்கள். அந்தப் படிவத்தின் வகைகளிலேயே குடும்பப் பொறுப்புகள் என்று ஒன்று இருக்கிறது, சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்றும் ஒன்று இருக்கிறது. தம்பியைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்வது, மாலையில் மளிகைக் கடையில் நிற்பது எல்லாமே அதில் வரும்.

அவள் முதலில் எழுதியது இப்படி இருந்தது: "விவசாயத்தில் குடும்பத்துக்கு உதவினேன். பொறுப்புணர்வும் காலம் தவறாமையும் கற்றுக்கொண்டேன்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாற்றி எழுதியபின்: "அதிகாலை 4 மணிக்கு மல்லிகை பறிப்பு. 9 பேர் பறித்ததை எடை போட்டு, கூலிக் கணக்கு எழுதுகிறேன்." வாரம் 14 மணி நேரம். குணத்தைச் சொல்லும் சொற்களை எடுத்துவிட்டு, செய்த காரியத்தையும் எண்ணையும் வையுங்கள். எண் உண்மையாக இருக்க வேண்டும், கூட்டிச் சொல்லாதீர்கள். இந்த வரி முதலிடத்துக்குப் போனது, அபாகஸ் போய்விட்டது.

நான்காம் படி: கட்டுரை

250 முதல் 650 சொற்கள். ஏழு தலைப்புகள் கொடுப்பார்கள், ஏழாவது உங்கள் விருப்பப்படி எதையும் எழுதலாம் என்பது. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் பாதி, அப்துல் கலாமின் பொன்மொழியோடு தொடங்குகின்றன. கலாம் மீது எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் படிப்பவர் தேடுவது உங்களை.

பெரிய சாதனையோ பெரிய சோகமோ தேவையில்லை. ஒரே ஒரு சம்பவம் போதும். அந்த மாணவி எழுதியது இதைத்தான்: ஒரு நாள் பூப்பறிக்கும் பாட்டி ஒருவரின் 3 கிலோவை 2 என்று எழுதிவிட்டாள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூலியை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "கண்ணு, நோட்டைப் பாரு" என்று மட்டும் சொன்னார். நோட்டில் இருப்பது சரியா என்று பறிப்பவர்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முதல் கிலோவுக்கு ஒரு புளியங்கொட்டையை அவரவர் கையிலேயே கொடுத்தாள். கடைசியில் கொட்டையையும் நோட்டையும் ஒத்துப் பார்த்துத்தான் கூலி. புள்ளியியல் படிக்க ஏன் ஆசை என்று அவள் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க, முதலில் ஆங்கிலத்தில் எழுத உட்காராதீர்கள். நண்பரிடம் தமிழில் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். கேட்டவர் எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்டாரோ அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். பிழை இருந்தால் ஆசிரியரைத் திருத்தச் சொல்லலாம். வேறொருவரை எழுதச் சொல்லக் கூடாது. ஏ.ஐ. எழுதித் தந்ததைச் சொந்த எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது.

ஐந்தாம் படி: ஆசிரியர் கடிதங்கள்

பெரும்பாலும் இரண்டு பாட ஆசிரியர்களும், பள்ளியின் சார்பில் ஒருவரும் எழுத வேண்டும். மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சலர் என்று ஒருவர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரே எழுதலாம். நன்னடத்தைச் சான்றிதழ்போல இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து. "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றும் சொல்வார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதற்குப் பதில், அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள்: எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டீர்கள், என்ன கேள்வி கேட்டீர்கள். செப்டம்பரிலேயே கேளுங்கள். கடிதத்தை அவர்தான் இணையத்தில் ஏற்ற வேண்டும், பழக்கம் இல்லையென்றால் பக்கத்தில் இருந்து பள்ளிக் கம்ப்யூட்டரில் உள்நுழைய மட்டும் உதவுங்கள்.

ஆறாம் படி: அனுப்புவது

கடைசி நாள், முன்கூட்டிய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். முன்கூட்டிய சுற்றில் 'எர்லி டிசிஷன்' என்று இருந்தால், இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று நீங்களும் பெற்றோரும் கையெழுத்திடுகிறீர்கள் என்று பொருள். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படிப் போடலாம். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் விலக்கு கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

அனுப்பியபின் ஒவ்வொரு கல்லூரியும் தனி லாகின் அனுப்பும். வாரம் ஒரு முறை திறந்து, எந்த ஆவணம் வரவில்லை என்று காட்டுகிறதோ அதை அனுப்புங்கள். அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். ஜனவரியில் தலைமையாசிரியரிடம் நினைவூட்டுங்கள். பொதுத்தேர்வையும் விட்டுவிடாதீர்கள். இடம் கிடைத்த பிறகும் இறுதி மார்க் ஷீட்டை அவர்கள் கேட்பார்கள்.