வன்னியிலிருந்து கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறீர்களா? காசும் நகையும் போனும் பத்திரமாகத் திரும்பி வர

ஓகஸ்ட் பிறந்தால் போதும். லண்டன், சுவிஸ், கனடாச் சொந்தங்கள் வந்து இறங்கிவிடுவார்கள், நல்லூர்த் தேருக்கு ஒரு நாள், அது முடிய நிலாவெளிக்கு இரண்டு நாள் என்று கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வான் பிடிக்கிற பரபரப்புத் தொடங்கிவிடும். கிழக்குக் கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாகக் கிடப்பதால் நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பை எல்லாம் நிரம்பி வழிகிற காலம் அது. கள்ளருக்கும் அதுதான் சீசன். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ சின்ன விடுதியில் தங்குகிறவர்களுக்கும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் கேள்விப்பட்ட கதைகளில் பூட்டை உடைத்துக் களவெடுத்தது மிகக் குறைவு. எங்களுடைய முகத்தாட்சண்யத்தைப் பிடித்துக்கொண்டு காசைக் கறந்ததுதான் அதிகம். காசைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கம், சாப்பிட முதல் விலை கேட்க வெட்கம், “தம்பி, நீர் உண்மையாகவே இந்த ஹோட்டல் ஆள்தானோ” என்று கேட்க அதைவிட வெட்கம். வெளிநாட்டுச் சொந்தம் பக்கத்தில் நின்றால் இன்னும் மோசம், கௌரவம் வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இதில் பாதி, எதை எந்த நேரத்தில் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதுதான்.

அட்வான்ஸ் போட முதல்

பேஸ்புக்கில் ஒரு பக்கம், நீல நிற நீச்சல் தடாகம், கடலைப் பார்த்த பல்கனி, விலையோ பாதி. வட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில் வரும், “அண்ணை, ஒரு ரூம்தான் மிச்சம், இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் பிடித்து வைக்கிறேன்.” படம் வேறொரு ஹோட்டலுடையதாக இருக்கலாம், அந்தப் பக்கமே போன மாதம் தொடங்கியதாக இருக்கலாம். வங்கிச் செயலியில் அனுப்பிய காசு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும், போனது போனதுதான், வங்கியில் போய் அழுதாலும் அவர்களாகப் பிடித்து இழுத்துத் தர மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தப் படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், வேறு பெயரில் வேறு நாட்டில் வந்தால் அத்தோடு விட்டுவிடலாம். பேஸ்புக் பக்கத்திலுள்ள இலக்கத்தை விட்டு, ஹோட்டலின் சொந்த இணையத்தளத்திலுள்ள இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள். கூகுள் வரைபடத்திலுள்ள இலக்கத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம், அதையும் மாற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். முடிந்தால் வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, கேட்ட அறைக்குள் போய்க் குளியலறைப் பைப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஹோட்டல்காரன் சிரித்துக்கொண்டு காட்டுவான், மற்றவன் “இப்ப நெட்வேர்க் சரியில்லை அண்ணை” என்பான். வங்கிக் கணக்கு ஹோட்டலின் பெயரிலா, தனி ஆளின் பெயரிலா என்று கேளுங்கள். சின்ன விடுதிகள் முதலாளியின் சொந்தக் கணக்கைத் தருவது சாதாரணம்தான், ஆனால் அந்தப் பெயரை விடுதியின் இலக்கத்துக்கு எடுத்து உறுதிப்படுத்தாமல் போட வேண்டாம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் இணையத்தளத்தில் பதிவு செய்த விடுதிகளின் பட்டியல் இருக்கிறது, அதையும் ஒருக்கால் பாருங்கள்.

புக்கிங் டொட் கொம் போன்ற தளங்களில் பதிந்தவர்களுக்கு வேறொரு பொறி, இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஹோட்டலின் கணினிக்குள் வைரசை அனுப்பி, அவர்களின் கணக்கைக் கைப்பற்றி, அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளிருந்தே உங்களுக்கு எழுதுவார்கள். உங்கள் பெயர், வருகிற திகதி, அறை எல்லாம் சரியாக இருக்கும். “உங்கள் கார்டை உறுதிப்படுத்த முடியவில்லை, 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் விபரத்தைத் தராவிட்டால் பதிவு ரத்தாகும்.” 2023 முதல் உலகம் முழுக்க இந்த மோசடி நடக்கிறது. வெளிநாட்டுச் சொந்தங்கள் இதில்தான் கூட மாட்டுப்படுகிறார்கள், எல்லாம் சரியாக இருப்பதால் சந்தேகமே வராது. வந்த லிங்கைத் தொட வேண்டாம். ஹோட்டலுக்கு நேரே எடுத்துக் கேளுங்கள்.

சொன்ன விலைக்கு மேலே என்ன வரும் என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். 10 வீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 18 வீதம் வற் வரி என்று பில்லில் ஏறும்போது பலர் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகிறார்கள். வரிக்குப் பதிவான இடத்தில் அது களவு இல்லை, முதலே கேட்காததுதான் பிரச்சினை. பதிவே இல்லாத விடுதி வற் என்று வாங்கினால்தான் களவு, பில்லில் வற் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நகையை என்ன செய்வது

அம்மாமார் கோபிக்கக் கூடாது. தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்குவதும் சரியில்லை, கழற்றி அறைக்குள் துவாய்க்கு அடியில் வைத்துவிட்டு இறங்குவதும் சரியில்லை. அலை இழுத்தால் கடலோடு போகும், வைத்தால் இரண்டு நாளும் மனம் அதிலேயே இருக்கும். கொடியை வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போங்கள். “சனம் என்ன சொல்லும்” என்றால், நிலாவெளியில் உங்களை ஒருவருக்கும் தெரியாது. திருக்கோணேச்சரத்துக்கும் போகிற திட்டம், அதற்கு நகை வேண்டும் என்று ஒரு கதை வரும். கோணேசர் கேட்க மாட்டார்.

வழியிலும் வாசலிலும்

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகச் சொந்த வானில் திருகோணமலைக்குப் போகிறவர்களுக்கு வழியில் பெரிய தொல்லை இல்லை. கொழும்பு, நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் போனால்தான் கவனம். ஆட்டோக்காரர் “அந்த ஹோட்டல் பூட்டிக் கிடக்கு, நல்ல இடம் ஒன்று காட்டுறன்” என்றால், அந்த நல்ல இடத்தில் அவருக்குக் கொமிஷன் இருக்கிறது. காலிமுகத்திடல் பக்கம் நடக்கும்போது ஒருவர் சிரித்துக்கொண்டு வந்து, “என்னைத் தெரியவில்லையா, உங்கள் ஹோட்டலில்தான் வேலை செய்கிறேன்” என்பார், கோயிலில் இன்றைக்கு யானைத் திருவிழா, வாருங்கள் கூட்டிப்போகிறேன் என்பார். கடைசியில் போய் நிற்பது இரத்தினக்கல் கடையில், ஆட்டோக் கூலியும் பல மடங்கு. “எந்த ஹோட்டல்?” என்று திருப்பிக் கேளுங்கள், அதோடு முடிந்துவிடும்.

ஹோட்டலில் பதியும்போது அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ பார்த்து இலக்கம் எழுதலாம், பிரதி எடுக்கலாம். பிணையாக வைத்துக்கொள்ள விட வேண்டாம், ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிற இடத்திலும் இதே கதைதான். ஸ்கூட்டரை எடுக்க முதல் கீறல் எல்லாம் தெரிய, கடைக்காரரையும் வைத்துக்கொண்டே வீடியோ எடுங்கள், தாய்லாந்தில் ஜெட்ஸ்கீ வாடகைக்கு விடுகிறவர்கள் பழைய கீறலைக் காட்டிக் காசு பறிப்பதாக இருக்கிற பெயர் சும்மா வந்ததில்லை.

அறைக்குள்

பையை இறக்க முதல் பல்கனிக் கதவை இழுத்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில், கடற்கரைப் பக்கமாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு சரியாகப் பூட்டுப்படாவிட்டால் மேல்மாடி அறை கேளுங்கள், காட்சி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் மாற்றச் சொல்லுங்கள்.

அறையிலுள்ள இலக்கப் பூட்டுப் பெட்டியைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். விருந்தினர் இலக்கத்தை மறந்தால் திறப்பதற்கு ரிசப்ஷனில் ஒரு பொது இலக்கமோ திறப்போ இருக்கும், சில இடங்களில் தொழிற்சாலையில் போட்ட இலக்கத்தையே மாற்றாமல் விட்டிருப்பார்கள். சோதிப்பது சுலபம்: வெறும் பெட்டியை உங்கள் இலக்கத்தில் பூட்டுங்கள், பிறகு 0000, 000000, 1234, 999999 என்று அடித்துப் பாருங்கள். திறந்தால் அதற்குள் பல்லுத்தூரிகை வைக்கலாம். பெட்டியை அசைத்தும் பாருங்கள், சுவரோடு ஆணி அடிக்காத பெட்டியை அப்படியே பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். பெரிய தொகை இருந்தால் ரிசப்ஷனில் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்தோடு பற்றுச்சீட்டு வாங்குவது நல்லது. அதைவிட நல்லது பெரிய தொகையே கொண்டுபோகாமல் விடுவது.

நடு இரவில் அறைத் தொலைபேசி அடிக்கும். “ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம் சேர், உங்கள் கார்டு வேலை செய்யவில்லை, இலக்கத்தை ஒருமுறை சொல்லுங்கள்.” நித்திரைக் கலக்கத்தில் சொல்லிவிடுவார்கள் என்றுதான் அந்த நேரம். விடிய வருகிறேன் என்று வைத்துவிடுங்கள். கதவடியில் யாரோ தள்ளிவிட்டுப் போகிற சாப்பாட்டு விலைப்பட்டியலும் இதே வகை, ஓடர் எடுத்துக் கார்டு இலக்கத்தை வாங்குவார்கள், சாப்பாடு வராது.

மணலில்

எங்கள் ஆட்கள் ஒரு வான் நிறையப் போவார்கள், எல்லோரும் ஒரேயடியாகக் கடலுக்குள், கரையில் அப்பப்பாவும் பதினைந்து பையும். அப்பப்பா காற்றுக்குக் கண் அயர்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்லி வேலையில்லை, விழித்திருக்கக்கூடிய ஒருவரை முறை வைத்துக் கரையில் விடுங்கள். போனைச் செருப்புக்குள் ஒளிப்பது, பேர்சைத் துவாயில் சுருட்டுவது எல்லாம் கள்ளனுக்கு மனப்பாடம். ஒருவன் வந்து நேரம் கேட்பான், அல்லது படம் எடுத்துத் தரச் சொல்வான், மற்றவன் பின்னால் குனிவான். சாமானை வானுக்குள் விட்டால் கண்ணாடி வழியே தெரியாமல் வைக்க வேண்டும், அதையும் போய் இறங்கிய இடத்தில் எல்லோரும் பார்க்க ஒளிக்காமல், வழியிலேயே ஒளித்துவிட வேண்டும். அறை இலக்கம் எழுதிய திறப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோகாமல் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போவதென்றால் படகுக் கூலி வேறு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு. உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதைவிடக் கூடிய கட்டணம். “எல்லாத்தையும் மொத்தமாகத் தாங்கோ, நான் டிக்கட் எடுக்கிறன்” என்றால் கணக்குக் குழம்பும். நுழைவுச்சீட்டைக் கரையிலுள்ள கவுண்டரில் நீங்களே வாங்குங்கள், படகுக் கூலி போக வரவா, தலைக்கா படகுக்கா என்று ஏற முதல் பேசுங்கள்.

போன்

இன்றைக்குப் பேர்சைவிடப் போன்தான் பெறுமதி, வங்கியும் அதற்குள், ஓடிபி வருவதும் அதற்குத்தான். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாமல் மறைத்து வையுங்கள். சிம்முக்கு ஒரு இரகசிய இலக்கம் (PIN) போடுங்கள், இல்லாவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி எடுப்பார்கள். *#06# அடித்தால் வருகிற ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கத்தை, வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஹோட்டலின் பெயரிலேயே பூட்டில்லாத வைபை ஒன்று தெரிந்தால் ரிசப்ஷனில் சரியான பெயரைக் கேட்டுவிட்டு இணையுங்கள், வங்கி அலுவலுக்கு எப்படியும் சொந்த டேட்டாதான்.

பில் கட்டும்போது வெளிநாட்டுக் கார்டைப் போட்டால், இயந்திரம் பவுணிலா ரூபாயிலா என்று கேட்கும். ரூபாயைத்தான் தெரிவு செய்ய வேண்டும், பவுணைத் தெரிவு செய்தால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதத்தில் வெட்டுவார்கள், பெரும்பாலும் நட்டம். கார்டை உள்ளே கொண்டுபோக விட வேண்டாம், இயந்திரத்தை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

போய்விட்டால்

முதல் வேலை கத்துவது இல்லை, தேடுவது. கட்டிலுக்கு அடி, விரிப்பின் சுருக்கம், ஈரத் துவாய் போட்ட கூடை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிழக்கு ஹோட்டல்களில் ரூம் போயாக நிற்கிற பெடியளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பொருள் காணவில்லை என்றால் முதல் விரல் அவர்கள் பக்கம்தான் நீளும். பிறகு அது சூட்கேசின் பக்கப் பையில் கிடைத்தாலும் அந்தப் பெடியனின் வேலை திரும்பக் கிடைக்காது.

தேடியும் இல்லை என்றால் மனேஜரைக் கூப்பிட்டு இரண்டு விடயம் கேளுங்கள். கார்டால் திறக்கிற கதவென்றால் எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்ற பதிவு பூட்டுக்குள் இருக்கும், அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிசிடிவிப் பதிவைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் கொஞ்ச நாளில் மேலெழுதி அழிந்துவிடும், அதனால் அன்றைக்கே, எழுத்தில், வட்ஸ்அப் செய்தியாக என்றாலும் அனுப்பிக் கேளுங்கள். இதற்கிடையில் ஒருவர் வங்கிக்கு எடுத்துக் கார்டை நிறுத்தட்டும், மற்றவர் சிம்மை நிறுத்தட்டும்.

பிறகு பொலிஸ். அவசரத்துக்கு 119, சுற்றுலா சம்பந்தமாகத் தகவல் கேட்க, முறையிட 1912. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி, முறைப்பாட்டைத் தமிழில் சொல்லவும் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெற்கில் சிங்களத்தில் எழுதி நீட்டினால், தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். பொருளின் நிறம், அடையாளம், எங்கே வைத்தது, கடைசியாக எப்போது பார்த்தது எல்லாம் அதில் வந்திருக்க வேண்டும். முறைப்பாட்டின் பிரதியை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளிக்கிடாதீர்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் ஊருக்கு வந்து கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க அந்தப் பிரதி வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டென்றால் கொழும்பிலுள்ள தூதரகமும் அதைத்தான் கேட்கும். வெளிநாட்டுச் சொந்தங்களின் பயணக் காப்புறுதி பலவற்றில் 24 மணி நேரத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருப்பதால், ஊருக்குப் போய் ஆறுதலாகப் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல், களவு போன ஊர்ப் பொலிசிலேயே அன்றைக்கே கொடுத்துவிட்டு வானில் ஏறுங்கள்.