ஏத்தன் குலைக்கு ஒரு ஃபோர்த் கணக்கு

குலசேகரம் பக்கம் மழை பிடித்துவிட்டால் ரப்பர் பால்வெட்டு கிடையாது. அப்படிச் சும்மா இருந்த நாட்களில்தான் ஃபோர்த் என்ற கணினி நிரல்மொழியைத் தொட்டேன். வேலைக்கு ஆகுமா என்று கேட்காதீர்கள், ஆகாது. சார்லஸ் மூர் என்பவர் உருவாக்கியது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வானொலித் தொலைநோக்கியை இயக்க இது பயன்பட்டது. எனக்குப் பிடித்துப்போன காரணம் வேறு. தமிழில் வினை கடைசியில்தானே வரும்? "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்கிறோம். ஃபோர்த்தும் அப்படியேதான்.

முதலில் ஜிஃபோர்த் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அதே பெயரில் (gforth) கிடைக்கும். டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரத்தில், அதைத் திறந்து இப்படி அடியுங்கள்:

2 3 + .

5 என்று காட்டி, பக்கத்திலேயே ஓகே சொல்லும். கடைசிப் புள்ளிதான் "விடையைக் காட்டு" என்கிற கட்டளை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். 3+ என்று ஒட்டி அடித்தால் அப்படி ஒரு சொல்லே தெரியாது என்று முறைக்கும். என் முதல் நாள் முழுக்க இதிலேயே போனது.

எண்கள் எங்கே போகின்றன? ஸ்டாக் என்ற அடுக்குக்கு. உலர்ந்த ரப்பர் ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவோமே, அதுபோல. கடைசியாக வைத்ததுதான் முதலில் கையில் வரும். கூட்டல் குறி மேலே இருக்கும் இரண்டை எடுத்து, விடையைத் திரும்ப வைக்கிறது. அடுக்கு காலியாக இருக்கும்போது புள்ளி வைத்தால் பிழை வரும். இன்னொன்று, இங்கே சாதாரண வகுத்தலில் முழு எண்தான். 7 2 / . என்றால் 3 வரும், மூன்றரை வராது.

அடுத்து, சுவையான பகுதி. நமக்கு வேண்டிய சொற்களை நாமே உருவாக்கலாம், அதுவும் தமிழில்! முன்னால் முக்காற்புள்ளி, முடிவில் அரைப்புள்ளி, அவ்வளவுதான். ஏத்தன் (நேந்திரன் வாழை) கிலோ 45 ரூபாய், கழிக்க வேண்டிய ஏற்றுக்கூலி 30 என்று வைத்துக்கொள்வோம் (* என்பது பெருக்கல்):

: ஏத்தன் 45 * ;
: கூலி 30 - ;
: கணக்கு ஏத்தன் கூலி . ;

12 கிலோ குலைக்கு இனி 12 கணக்கு என்று அடித்தால் போதும். 510 வரும். சில டெர்மினல்களில் தமிழ் எழுத்து கொஞ்சம் கோணலாகத் தெரியும், கணக்கு கோணாது.

சரி, நான் தடுக்கி விழுந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வடசேரிச் சந்தையில் விலை 50 ஆனது என்று அப்பா சொன்னார். உடனே ஏத்தனை மட்டும் மாற்றினேன்:

: ஏத்தன் 50 * ;

மறுபடி 12 கணக்கு. அதே 510! ஒரு சொல்லை உருவாக்கும்போதே ஃபோர்த் அதனுள் இருக்கும் சொற்களின் அன்றைய பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புது ஏத்தன் வந்தாலும் பழைய கணக்குக்குப் பழைய ஏத்தன்தான் தெரியும். அதனால் கணக்கு வரியையும் இன்னொரு முறை அடிக்க வேண்டும். அடித்தேன், 570 வந்தது. அதற்குள் அப்பா விரலிலேயே எண்ணி முடித்திருந்தார்.