வள்ளி திருமணம் நாடகத்தை விடியும் வரை உட்கார்ந்து பார்ப்பது எப்படி

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ஏதாவது ஓர் ஊரில் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, கிட்டத்தட்ட அதே இரண்டு மாதம்தான், கடலுக்குப் போகிற ஆட்களும் ஊரிலேயே இருப்பார்கள், அதனால் நாடகத்துக்குக் கூட்டம் நன்றாகவே சேரும். ஆனால் பபூன் காமெடியும் டான்ஸும் முடிந்ததும் பாதிப் பேர் பாயைச் சுருட்டிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். வள்ளி திருமணத்தின் உயிரே நாரதருக்கும் வள்ளிக்கும் பாட்டும் பேச்சுமாக நடக்கும் வாதத்தில், அந்தத் தர்க்கத்தில்தான் இருக்கிறது, அது வருவதற்கு நடுச்சாமம் தாண்டிவிடும்.

முதலில் நோட்டீஸைப் படியுங்கள். ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) யார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) யார், நாரதர் யார், ஆர்மோனியப் பின்பாட்டு யார் என்று படத்தோடு போட்டு, பெயருக்குக் கீழே ஊரும் இருக்கும். ஒருவர் மதுரை, ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் காரைக்குடி. ஸ்பெஷல் நாடகம் என்றால் இதுதான், ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது, தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள், சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம், மற்ற பேச்செல்லாம் அன்றைக்கு மேடையில் பிறப்பது. நோட்டீஸில் நான் முதலில் தேடுவது நாரதரைத்தான்.

மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிடுங்கள். சாயங்காலம் கபடி இருந்தால் அதையும் விட மனசு வராது, மணலில் ஆடுகிற கபடிக்கு ஈடு எதுவும் இல்லை என்றுதான் நானும் சொல்வேன், ஆனாலும் ராத்திரி நாடகம் என்றால் அரையிறுதியோடு கிளம்பிவிடுவேன்.

சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பாயில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்குக் கண் சொருகிவிடும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்தான் கரைக்கு வரும், சின்ன மீன் குழம்பும் கொஞ்சம் சோறும் இந்த ராத்திரிக்குப் போதும். திரும்பி வர ராத்திரி பஸ்ஸை நம்பாதீர்கள், விடிந்ததும் வருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் ஒன்று, போர்வை ஒன்று, தண்ணீர். வைகாசியில் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள், மூன்று மணிக்குக் காற்று வீசும்போது உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஈரம் ஏறும், அப்போது தெரியும். குழாய் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்துக்கு அடியில் உட்கார வேண்டாம். நான் எப்போதும் ஆர்மோனியக்காரர் முகம் தெரிகிற பக்கமாகத்தான் இடம் பிடிப்பேன். நடிகர் முதல் வரியைத் தொட்டதும் சுருதி எது, எந்த ராகத்தில் போகப்போகிறார் என்று அவர் பிடிக்கிற அழகு இருக்கிறதே, அதற்காகவே அந்த இடம்.

பபூன், டான்ஸ் பகுதியில் சிரியுங்கள், அதுவும் லேசான வேலை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன், ஆடுகிற பெண்ணுக்கு அன்பளிப்பு கொடுப்பதென்றால் விழாக் கமிட்டி கையில் கொடுத்து மைக்கில் பெயர் சொல்லச் சொல்லுங்கள், மேடையேறி உடையில் ரூபாய் நோட்டைக் குத்தாதீர்கள், போனை மேடை விளிம்பில் வைத்துக் கீழிருந்து படம் எடுக்காதீர்கள். அந்தப் பெண் பிழைப்புக்காக ராத்திரி பூராவும் கண் விழிக்கிற கலைஞர், நம் ஊருக்கு வந்த விருந்தாளி.

அப்புறம் பெரும்பாலும் முருகன் வருவார், வள்ளி தினைப்புனம் காக்க வருவாள், கிளி விரட்ட ஆலோலம் பாடுவாள். இந்த இடத்தில்தான் தூக்கம் தள்ளும். எழுந்து போய் ஒரு சுக்கு காபி குடித்துவிட்டு வாருங்கள். சின்ன வயதில் நான் அப்பத்தா மடியில் தூங்கிப்போய்விடுவேன், "நாரதரு வந்துட்டாரு, எந்திரிடா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, தர்க்கத்தில் எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதில் என்று அதற்குத் தெரியும்.

தர்க்கம் கேட்கும்போது பேசுகிறவரைப் பார்க்காதீர்கள், கேட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பாருங்கள். தேவிபட்டினம் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில் பார்த்தேன். தனியாகக் காட்டில் நிற்கிறாயே பெண்ணே என்று நாரதர் ஆரம்பிக்க, முற்றும் துறந்தவருக்குப் பெண் நிற்கிற இடத்தில் என்ன வேலை என்று வள்ளி திருப்பிக் கேட்டாள். அங்கிருந்து இல்லறமா துறவறமா என்று போய், அவர் ஒரு விருத்தம் பாட, அதே ராகத்தில் அந்த அம்மா பதில் எடுத்தார். நாரதர் முகத்தில் ஒரு நொடி அசல் திகைப்பு, அப்புறம் சிரித்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். மிருதங்கக்காரரே வாசிப்பதை நிறுத்திக் கை தட்டினார். ஒத்திகை பார்த்திருந்தால் இது வராது. யார் ஜெயித்தார்கள் என்று பக்கத்தில் இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள், ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள், கேட்கக் கேட்க அடுத்த தர்க்கம் உங்களுக்கு இன்னும் நன்றாகப் பிடிபடும்.

வேடனாக முருகன் வந்து, கிழவனாக வந்து, கல்யாணம் முடிகிறபோது கிழக்கே வெளுத்திருக்கும். உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். சித்திரை, வைகாசியில் பனையிலிருந்து பதநீர் இறக்கிக் கொண்டுவருகிற நேரம் அது. ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், இரண்டு பட்டை குடித்துவிட்டு, வேஷம் கலைத்து வேன் ஏற நிற்கிற நாரதரிடம் போய், எந்த இடம் பிடித்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.