பிரெஞ்சு அலுவலகத்தில் பயிற்சிப் பணி: தொழில்மொழி பழகப் படிப்படியான வழிகாட்டி

பிரான்சில் மாணவர் செய்யும் பயிற்சிப் பணிக்கு ‘ஸ்தாழ்’ என்று பெயர். செய்பவர் ‘ஸ்தாழியேர்’. வகுப்பில் பி1 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுத்தர நிலை) முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் முதல் வாரம் மூச்சு முட்டும். இலக்கணம் ஓரளவு கைகொடுக்கும். போனில் மளமளவென்று சொல்லப்படும் எண்ணும், மின்னஞ்சலின் கடைசி வரியும், ‘மார்தி ஆன் உய்த்’ போன்ற சொற்களும் காலை வாரும். அவற்றை எந்த வரிசையில் பழகுவது என்று இங்கே பார்ப்போம்.

பிரெஞ்சுச் சொற்களைப் பழைய வழக்கப்படி ‘ழ’ போட்டு எழுதியிருக்கிறோம். இது நம் ‘பழம்’ ழகரம் இல்லை. ஒலிப்பதிவில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: முதலில் ஒப்பந்தம்

‘கோன்வான்சியோன் த ஸ்தாழ்’ என்ற முத்தரப்பு ஒப்பந்தம் இல்லாமல் எந்த நிறுவனமும் உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது. மாணவர், கல்லூரி, நிறுவனம் என மூவரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே படிப்பை முடித்த பிறகு ஸ்தாழ் தேடினால் கிடைக்காது. படிக்கும்போதே போக வேண்டும். ஒரு கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் அதிகபட்சம் 6 மாதம்.

இரண்டு மாதத்தைத் தாண்டும் பயிற்சிக்கு, அதாவது 308 மணி நேரத்துக்கு மேல் போனால், உதவித்தொகை கட்டாயம். 2025-இல் குறைந்தபட்சம் மணிக்கு 4.35 யூரோ. மாதம் 22 நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்தால் 669.90 யூரோ. பாரிசில் இது வாடகைக்கே போதாது. கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். விளம்பரங்களில் ‘சரியாக இரண்டு மாதம்’ என்று அடிக்கடி வருவதற்கும் இந்த வரம்புதான் காரணம். மொழி பழக அது போதாது. முதல் மாதம் காது திறக்கவே சரியாக இருக்கும். நான்கு மாதமாவது கேளுங்கள். பேருந்து, மெட்ரோ மாதச் சீட்டில் பாதியை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ஸ்தாழியேருக்கும் இது உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இந்தியக் கல்லூரியில் படித்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஒப்பந்தத்தில் பிரெஞ்சு அரசின் ஒப்புதலும் வேண்டும். தொடங்கும் தேதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் விசா. தொடங்கும் மாதமாக ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும், பேச ஆள் இருக்காது.

படி 2: கிளம்புவதற்கு முன் எட்டு வாரம்

இந்த எட்டு வாரத்தில் புது இலக்கணம் எதுவும் வேண்டாம். எண்களை எடுங்கள். பிரெஞ்சில் 75 என்பது ‘அறுபது-பதினைந்து’, 97 என்பது ‘நான்கு-இருபது-பதினேழு’. தொலைபேசி எண் பத்து இலக்கம். அதை இரண்டிரண்டாக ஐந்து ஜோடியாகச் சொல்வார்கள். ‘சுவாசாந்த்’ என்று காதில் விழுந்ததும் 6 என்று எழுதிவிட்டால், அடுத்து ‘தூஸ்’ வரும்போது அது 72 என்று தெரிந்து அடித்துத் திருத்துவீர்கள். அதற்குள் அடுத்த ஜோடி போய்விடும். ஒரு ஜோடி முழுதாக முடியும்வரை பேனாவைத் தூக்கி வைத்திருங்கள். தினம் பத்து நிமிடம், இருபது எண்கள், யாரையாவது வாசிக்கச் சொல்லி எழுதிப் பாருங்கள். பிரஸ்ஸல்ஸிலோ ஜெனீவாவிலோ வேலை என்றால் அதிர்ஷ்டம்: அங்கே எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் உண்டு.

எழுத்தில் எண் இன்னும் ஆபத்து. பிரெஞ்சுக்காரர்களுக்குக் காற்புள்ளிதான் தசமப்புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். நம் பழக்கத்தில் 1,250 என்று விலைப்புள்ளியில் (கொட்டேஷனில்) எழுதினால் அவர்கள் ஒன்றேகால் யூரோ என்று வாசிப்பார்கள். 1 250,00 என்று எழுத வேண்டும்.

அடுத்து, வணிகத் தாள்களின் பெயர்கள். விலைப்புள்ளி ‘தவி’, கொள்முதல் ஆணை ‘போன் த கொமாந்த்’, பில் ‘ஃபக்த்யூர்’, திருப்பித்தர வேண்டிய தொகைக்கான வரவுச்சீட்டு ‘அவ்வார்’. விலைக்குப் பக்கத்தில் ‘அஷ் தெ’ என்றால் வரி நீங்கலாக, ‘தெ தெ செ’ என்றால் வரி சேர்த்து. ‘ஷீஃப்ர் தாஃபேர்’ என்பது மொத்த விற்பனை வருவாய். லாபம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டாம்.

கணினியின் விசைப்பலகை அமைப்பை இப்போதே பிரெஞ்சுக்கு மாற்றிப் பழகுங்கள். ஏ இருக்கும் இடத்தில் க்யூ இருக்கும், எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். முதல் நாளில் கடவுச்சொல் ஏற்காமல் திணறுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

படி 3: ‘போன்ழூர்’, அப்புறம் ‘வூ’

காலையில் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் ஒவ்வொருவருக்கும் ‘போன்ழூர்’ சொல்லுங்கள், துப்புரவுப் பணியாளர் உட்பட. சொல்லாமல் நேரே வேலைக் கேள்வியில் இறங்கினால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். அதே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை சொன்னாலும் இடிக்கும்: காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று ஆகும். மறுபடி எதிர்ப்பட்டால் ‘ர-போன்ழூர்’ அல்லது ஒரு புன்னகை போதும்.

‘வூ’ என்பது நீங்கள், ‘த்யூ’ என்பது நீ. இதுவரை நமக்குப் பழகியதுதான். ஆனால் நம் அலுவலகத்தில் மேலாளர் ‘நீ’ என்பார், கீழிருப்பவர் ‘நீங்க சார்’ என்பார். பிரெஞ்சு அலுவலகத்தில் பெரும்பாலும் இருவரும் ஒரே வடிவத்தில்தான் பேசிக்கொள்வார்கள். எல்லோரிடமும் ‘வூ’வில் தொடங்குங்கள். மேலாளர் ‘ஓன் பெ ஸ த்யுத்வாயே’ என்றால், இனி நாம் நீ என்று பேசலாம் என்று பொருள். அதற்குப் பிறகும் மரியாதைக்காக ‘வூ’ போட்டால் விலகி நிற்பதாகத் தோன்றும். வாய் கூசும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

படி 4: மின்னஞ்சல்

அறிமுகமில்லாதவருக்கு ‘மதாம், முசியே’ என்று தொடங்குங்கள். ‘ஷேர் மதாம்’ என்பது ஏற்கெனவே பழகியவருக்கு. முடிக்க ‘கொர்தியால்மான்’ எங்கும் பொருந்தும். கொஞ்சம் பழகிய பிறகு ‘பியான் கொர்தியால்மான்’.

இடையில் தவறுவது வினைச்சொல்லில். ‘எனக்கு இது வேண்டும்’ என்பதை ‘ழ வெ’ என்று எழுதினால் அதட்டல். ‘ழ வூத்ரே’ என்று எழுதுங்கள். வேலை கேட்கும்போது ‘பூரியே-வூ’ என்று, ‘செய்ய முடியுமா’ எனும் தொனியில் தொடங்குங்கள். நம் அலுவலகக் கடிதங்களின் ‘உடனே ஆவன செய்யவும்’ நடையைப் பிரெஞ்சில் போட்டால் ஸ்தாழியேர் உத்தரவு போடுகிறார் என்று ஆகிவிடும்.

உங்கள் பொறுப்பாளரிடம் முதல் வாரமே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வெளியே போகும் முதல் இருபது மின்னஞ்சல்களை அனுப்புமுன் திருத்தித் தரும்படி. திருத்திய வரிகளை ஒரு கோப்பில் சேருங்கள். மூன்றாம் மாதத்தில் பாதி அஞ்சலை அதிலிருந்தே எழுதலாம்.

படி 5: ஏமாற்றும் சொற்கள்

‘உய் ழூர்’, எட்டு நாள் என்றால் ஒரு வாரம். ‘கேன்ஸ் ழூர்’, பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். ‘மார்தி ஆன் உய்த்’ என்றால் வரும் செவ்வாய் அல்ல, அதற்கடுத்த செவ்வாய். தேதியைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யாமல் போனை வைக்காதீர்கள். நாள்காட்டியில் வார எண்ணையும் காட்டும்படி வையுங்கள். ‘38-ஆம் வாரம்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

ஆங்கிலம் தெரிந்த நமக்குத் தனிப் பொறி உண்டு. ‘எவாந்துயெல்மான்’ என்றால் ‘ஒருவேளை’. ஆங்கில ‘ஈவென்சுவலி’ போலக் கடைசியில் நடந்தே தீரும் என்று நம்பிவிடாதீர்கள். ‘அக்துயெல்மான்’ என்றால் ‘இப்போது’, ஆங்கில ‘ஆக்சுவலி’ அல்ல. ‘தெலே’ என்பது தாமதம் அல்ல, கொடுக்கப்பட்ட கால அளவு. பாராட்டிலும் சிக்கல்: ‘பா மால்’ என்றால் நன்றாகவே இருக்கிறது; ‘பா தெரிப்ல்’ என்றால் சுமார்தான்.

படி 6: கூட்டக் குறிப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள்

எங்கள் கணிப்பில் ஸ்தாழின் மிகப் பெரிய பள்ளிக்கூடம் ‘கோந்த் ராந்த்யூ’, அதாவது கூட்டக் குறிப்பு. யாரும் விரும்பாத வேலை, ஆகவே கேட்டால் தந்துவிடுவார்கள். நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே வாங்கி, தெரியாத சொற்களைப் பார்த்து வையுங்கள். தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: முடிவு, பொறுப்பாளர், தேதி. பேசியதையெல்லாம் எழுத முயன்றால் மூன்றாம் நிமிடத்தில் தொலைந்துவிடுவீர்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில், நிகழ்கால வினையில் எழுதி, ஒருவரைத் திருத்தச் சொல்லி அனுப்புங்கள்.

கூட்டத்தில் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டுவார், ‘ழ ந ஸ்வி பா தக்கோர்’, எனக்கு உடன்பாடில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். சண்டை இல்லை. ஐந்து நிமிடத்தில் சேர்ந்து காபி குடிப்பார்கள். நீங்கள் மௌனமாக இருந்தால்தான் ஆர்வமில்லை என்று நினைப்பார்கள்.

உங்கள் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிலர் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், நல்ல எண்ணத்தில்தான். நன்றி சொல்லிவிட்டுப் பிரெஞ்சிலேயே தொடருங்கள். முதல் வாரம் விட்டுக்கொடுத்தால் கடைசிவரை ஆங்கிலம்தான்.

படி 7: மதிய உணவு

மேசையில் தனியாக டப்பாவைத் திறக்காதீர்கள், சகாக்களோடு போங்கள். பேச்சுமொழி அங்கேதான் கிடைக்கும். சைவம் என்றால் முதல் நாளே சொல்லுங்கள், மீனும் சாப்பிடமாட்டேன் என்று சேர்த்து. சம்பளம் பற்றிக் கேட்கக் கூடாது. விடுமுறை, சாப்பாடு, ரயில் வேலைநிறுத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

படி 8: கிளம்பும்போது

சில நிறுவனங்கள் புதிதாக வந்தவரிடம் ‘ரபோர் தெத்தோன்மான்’ கேட்கும்: இங்கே உங்களுக்கு வியப்பாக இருந்தவை பற்றிய சிறு அறிக்கை. கேட்காவிட்டாலும் முதல் மாத முடிவில் எழுதிக் கொடுங்கள். மொழியைச் சான்றிதழாக்க வேண்டுமானால் பாரிஸ் வணிக, தொழில் சபையின் தொழில்முறைப் பிரெஞ்சு டிப்ளமோ தேர்வு இருக்கிறது. சொற்கள் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

கடைசி நாள் காலையில் குழுவுக்குக் குருவாசான் வாங்கிப் போவது வழக்கம். ‘அத்தெஸ்தாசியோன் த ஸ்தாழ்’ என்ற பயிற்சிச் சான்றையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பயிற்சியின் கால அளவும் பெற்ற தொகையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஊர் திரும்பிய பிறகு திருத்தம் கேட்டால் பதில் வர மாதக்கணக்காகலாம்.